ஒளித்துச் சாப்பிட்டதை ஒருவரிடம் சொல்வது

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், வீட்டார் உறங்கிய பின்னர் அடக்க முடியாமல் சாப்பிடுவதாக எழுதிய ஒரு வாசகிக்குப் பதில் சொல்லும்போது, நானும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்படிச் சாப்பிட்டவள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே கேட்கின்றன. அவற்றுள் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். கடிதங்களில் இருந்த கிலோக் கணக்குகளையும் வேண்டுமென்றே நீக்கியிருக்கிறேன். அதற்கான காரணத்தை முதற் பதிலில் காண்பீர்கள்.

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு 38 வயது. அரச அலுவலகமொன்றில் முகாமைத்துவ உதவியாளராக வேலை செய்கிறேன். பிள்ளைகள் படுத்த பின்னர் குசினிக்குள் போய், மறுநாள் காலைக்கென்று வாங்கி வைத்த பாணையும் சீனிச் சம்பலையும் நின்ற நிலையிலேயே சாப்பிட்டு முடிப்பதும், விடியுமுன்னர் கடை திறக்கும் நேரம் பார்த்துப் போய் வேறு பாண் வாங்கி அதே இடத்தில் வைப்பதும் பல ஆண்டுகளாக என் வழக்கமாக இருந்தது. இரண்டு ஆண்டுகளாக வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் ஆலோசனை பெற்று வருகிறேன். கடந்த 11 மாதங்களில் மூன்று தடவைகள் மாத்திரமே அப்படி நடந்திருக்கிறது. எங்கள் சனசமூக நிலையத்து மாதர் சங்கத்தில் உடல்நலம் பற்றிய கூட்டமொன்றில் என் அனுபவத்தைச் சொல்லும்படி, விஷயம் தெரிந்த ஒரேயொரு தோழி கேட்கிறாள். வீட்டு விஷயத்தைச் சந்திக்குக் கொண்டு போக வேண்டாம் என்று கணவர் சொல்கிறார். சொல்லிவிட்டு அடுத்த மாதமே மறுபடியும் அப்படிச் சாப்பிட்டுவிட்டால் நான் பொய் சொன்னவளாகிவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது. நான் சொல்லலாமா? சொன்னால் எதைச் சொல்வது?
– ஒரு வாசகி, உவர்மலை

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கணவரின் அச்சத்தை அலட்சியப்படுத்த என்னால் முடியவில்லை. காலையில் சந்தையில் மீன் வாங்கும்போது பேசியது மாலையில் கோயில் வீதிக்கு வந்து சேர்கின்ற ஊர் நம்முடையது. ஆகவே மாதர் சங்கத்துக்கு முன்னால் அவரிடம், ஒருநாள் ஆறுதலாக உட்கார்ந்து முழுவதையும் சொல்லுங்கள். விடியற்காலைப் பாண் பற்றி அவருக்கு இன்னும் தெரியாது என்றே உங்கள் கடிதத்தை வாசிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது. தெரியாத ஒன்றை ஊர் அறிவதற்கு முன்னர் தாம் அறிய வேண்டும் என்று நினைக்கும் உரிமை அவருக்கு உண்டு.

சொல்லலாமா என்ற கேள்விக்கு என் பதில், சொல்லலாம் என்பதே. அப்படிச் சொல்வதற்கு எனக்குள்ள காரணம் என் சொந்த வாழ்க்கையில்தான் இருக்கிறது.

எனக்கு 19 வயதாக இருந்தபோது, பெண் பார்க்க வரவிருந்த ஒரு குடும்பத்தை முன்னிட்டு வீட்டில் என் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு கேதார கௌரி விரதத்தின் 21 நாட்களும் ஒரு நேர உணவோடு இருந்தேன். என் பக்தியை எல்லோரும் மெச்சினார்கள், ஆனால் நான் இருந்தது மெலிவதற்காக. இறுதி நாளில் காப்புக் கட்டிய பின்னர் பாறணைக்கு உட்கார்ந்தவளுக்கு, வயிறு நிறைந்த பிறகும் கையை எடுக்க முடியவில்லை. அன்று பிற்பகலில் யாரும் பார்க்காத நேரத்தில் படையலுக்குச் செய்த அதிரசங்களில் மிஞ்சியவற்றையும் சாப்பிட்டு முடித்தேன். அந்தப் பிற்பகலில் தொடங்கியது பிறகு நிற்கவேயில்லை. நான் தாதியானேன். பகலில் கிளினிக்குக்கு வரும் நீரிழிவு நோயாளர்களுக்கு உணவு முறை சொல்லிக் கொடுத்தேன். கடமை முடிந்து வரும் வழியில் திருஞானசம்பந்தர் வீதியில் ஒரு கடையிலும் மத்திய வீதியில் இன்னொரு கடையிலுமாக பணிஸ் வாங்குவேன். எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கினால், வீட்டில் விருந்தாளிகளா மிஸி என்று கேட்டுவிடுவார்கள் என்ற பயம். வீட்டுக்குக் கொண்டு போக முடியாததால், கோட்டைப் பக்கமாகக் கடற்கரையில் ஒதுங்கியிருந்து சாப்பிடுவேன். பையின் சரசரப்புக் கேட்டால் நம் திருகோணமலை நகரத்தில் திரியும் மான்கள் வந்துவிடும் என்பது உங்களுக்கும் தெரிந்ததே. ஒருநாள் ஒரு மான் என் மடியிலிருந்த பொலித்தீன் பையின் ஓரத்தைக் கவ்வி இழுத்தது. நானும் விடவில்லை. வெள்ளைச் சீருடையோடு, வாய் நிறைய உணவோடு, ஒரு வாயில்லாச் சீவனோடு நான் பையை இழுத்துக்கொண்டிருந்த அந்த நொடியில்தான், இது என் கையை மீறிப் போய்விட்டது என்று முதன்முறையாக எனக்குப் பயம் வந்தது.

பயம் வந்ததும் உதவி தேடினேன். நான் போன ஓரிடத்தில் என்னைத் தராசில் நிற்க வைத்து, வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி எடையை வாசித்துவிட்டு, வாயைக் கட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பின்னர் ஓர் இரவுக் கடமையில், நோயாளர்கள் எல்லோரும் உறங்கிவிட்ட இரண்டு மணிப் பொழுதில், பிளேன்ரீ ஊற்றிக்கொண்டிருந்த சக தாதியிடம், இன்று வரும் வழியில் ஒரு முழுப் பாணைச் சாப்பிட்டுவிட்டேன் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை, புத்தி சொல்லவும் இல்லை. கோப்பையை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, எப்போதிருந்து என்று மட்டும் கேட்டாள். நான் விடியும் வரை பேசினேன். அடுத்த வாரம் அவளே என்னை வேறொரு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அந்த மருத்துவர் முதலில் கேட்டது, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்பது. நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. முதல் நாள் இரவு சாப்பிட்டதற்குத் தண்டனையாகக் காலையைப் பட்டினி போடுவதும், அந்தப் பட்டினியே மாலையில் என்னைக் கடைக்கு இழுத்துச் செல்வதுமாக இருபது ஆண்டுகள் ஒரே வட்டத்தில் சுற்றியிருக்கிறேன் என்பது அந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு விளங்கியது. மூன்று நேரச் சாப்பாடு, இடையில் இரண்டு சிற்றுண்டி, எதையும் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் தள்ளிப்போடாமல் நேரத்துக்குச் சாப்பிடுவது, சாப்பிட்டதையும் அப்போதிருந்த மனநிலையையும் ஒரு கொப்பியில் எழுதுவது: சிகிச்சை அங்கேதான் தொடங்கியது. அறிகை நடத்தைச் சிகிச்சை என்று இன்று உளநலப் பிரிவுகளில் சொல்லப்படும் முறையின் முதற்படியும் அதுவே.

அந்த இரவில் நான் அவளிடம் சொல்லியிருக்காவிட்டால் அந்த மருத்துவரிடம் போயிருக்க மாட்டேன். இந்த நோய்க்கு ஒளிவிடம் வேண்டும். பிறர் பார்வையில் சாப்பிட வெட்கப்பட்டுத் தனியே சாப்பிடுகிறோம், தனியே சாப்பிட்டதற்காக மேலும் வெட்கப்படுகிறோம், அந்த வெட்கத்தைத் தாங்க முடியாமல் மறுபடியும் சாப்பிடுகிறோம். இன்னொருவருக்குத் தெரிந்துவிட்ட பிறகு இந்தச் சுழற்சி பழையபடி ஓடுவதில்லை. 1958 இல் அமெரிக்காவில் ஒரு பெண், தன் நண்பருக்குத் துணையாகச் சூதாட்டத்திலிருந்து மீள முயல்பவர்களின் கூட்டமொன்றுக்குப் போனார். அங்கே அவர்கள் சூதாட்டத்தைப் பற்றிச் சொன்ன கதைகளில், உணவோடு தான் படும் பாட்டையே அவர் கேட்டார். 1960 ஜனவரியில் அவரும் வேறு இரு பெண்களும் சேர்ந்து லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஓவர்ஈட்டர்ஸ் அனோனிமஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று பல நாடுகளில் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை, முழுப் பெயரும் தேவையில்லை. ஒருவர் தன் கதையைச் சொல்லும்போது மற்றவர்கள் குறுக்கிடுவதும் இல்லை, அறிவுரை சொல்வதும் இல்லை. எல்லா நோயாளருக்கும் அந்த அமைப்பின் முறை பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். சில உணவுகளை முற்றாக விலக்கும் பழக்கம் அங்கே பலரிடம் உண்டு, என்னைப் போல விலக்கியதாலேயே நோயாளியானவர்களுக்கு அது மறுபடியும் பட்டினியில் கொண்டுபோய் விடக்கூடும். ஆனால் கதை சொல்வதற்கு அவர்கள் வகுத்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும்: முன்பு எப்படி இருந்தோம், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறோம். உங்கள் மாதர் சங்கத்துக்கும் இந்த மூன்றும் போதும்.

இனி, எதைச் சொல்வது என்ற கேள்வி. எத்தனை கிலோ இருந்தேன், எத்தனை கிலோ குறைந்தேன் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்த எண்ணைச் சொன்ன கணத்திலிருந்து கேட்பவர்கள் உங்கள் கதையை விட்டுவிட்டு உங்கள் இடுப்பைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இந்த நோயோடு அங்கே மௌனமாக இருக்கும் பெண்ணோ, தன் எடையை உங்கள் எடையோடு ஒப்பிட்டு, நான் இவ்வளவு மோசமில்லை என்றோ, நான் இதைவிட மோசம் என்றோ முடிவு செய்துவிட்டு உள்ளுக்குள் மூடிக்கொள்வாள். முந்திய படம், பிந்திய படம் என்று காட்டுவதும் வேண்டாம். என்னென்ன சாப்பிட்டேன், எவ்வளவு சாப்பிட்டேன் என்று அடுக்குவதும் வேண்டாம்; மீண்டுவரும் ஒருவருக்கு அந்தப் பட்டியலே பசியைத் தூண்டிவிடும். பாண் என்று சொன்னால் போதும், எத்தனை பாண் என்பது யாருக்கும் தேவையில்லை. விடியற்காலையில் கடை திறக்கக் காத்துக்கொண்டு நின்றபோது உங்கள் மனம் என்ன பாடுபட்டது என்பதைச் சொல்லுங்கள். உளநலப் பிரிவுக்கு முதல் நாள் போனபோது கதவருகில் எவ்வளவு நேரம் தயங்கி நின்றீர்கள், உள்ளே இருந்தவர் முதலில் என்ன கேட்டார், முதல் மாதத்தில் எது மாறியது, எது மாறவில்லை என்பதையெல்லாம் சொல்லுங்கள். உதவி தேடும் பெண்ணுக்கு வழி தெரிய வேண்டும். கதவு எங்கே இருக்கிறது, உள்ளே போனால் என்ன நடக்கும் என்று தெரிந்தால் அவள் தானாகப் போவாள்.

அந்த மூன்று தடவைகளையும் மறைக்க வேண்டாம். மறுபடியும் சாப்பிட்டால் பொய் சொன்னவளாகிவிடுவேன் என்று நீங்கள் அஞ்சுவதற்குக் காரணம், குணமாகிவிட்டேன் என்று சொல்லப் போவதாக நினைத்திருப்பதுதான். குணமாகி வருகிறேன், இந்தப் பதினொரு மாதங்களில் மூன்று தடவை தவறினேன், தவறிய மறுநாள் காலையில் பட்டினி கிடக்காமல் வழக்கமான நேரத்துக்கு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டேன் என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த மாதம் என்ன நடந்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது. தடுக்கி விழுவதும் விழுந்த இடத்திலேயே கிடப்பதும் வேறு வேறு என்பதை, நோயிலிருந்து மீண்டவர்கள் என்று பேசுகிறவர்கள் அரிதாகவே சொல்கிறார்கள். அந்த மறுநாட் காலைதான் உங்கள் கதையின் மிகவும் பயனுள்ள பகுதி என்பது என் கருத்து.

கணவர் சம்மதிக்காவிட்டால் இம்முறை கூட்டத்தில் பேச வேண்டாம். கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது தனியாக வந்து உங்கள் தோழியிடம் எதையோ கேட்க நினைத்து நிற்கும் ஒருத்தி இருப்பாள். அவளிடம் பேசுங்கள்.

கேள்வி: அக்கா, நான் சம்பூரைச் சேர்ந்தவன். 2006 இல் எனக்கு 13 வயது. போரால் இடம்பெயர்ந்து, வெருகல் கடந்து வாகரைக்கும், பிறகு மட்டக்களப்பு முகாம்களுக்கும் போனோம். பின்னர் கிளிவெட்டியில் பல ஆண்டுகள் இருந்தோம். சாப்பாட்டுப் பார்சல் வந்தால் அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. கிடைக்கும்போது சாப்பிட்டுவிடு என்பார் அம்மா. இப்போது எனக்கு நல்ல வேலை இருக்கிறது, ஆனாலும் சாப்பாட்டை மிச்சம் வைக்க முடியவில்லை. இரவில் கொத்து ரொட்டி வாங்கி, வயிறு நோகும் வரை அவசரமாகச் சாப்பிடுகிறேன், பிறகு என்னையே வெறுக்கிறேன். இது நோயா, பழக்கமா? என்னைவிட எவ்வளவோ இழந்தவர்கள் இருக்கும்போது, சாப்பாட்டைப் பற்றிய என் கதையைச் சொல்வது அவர்களை அவமதிப்பதாகாதா?
– ஒரு வாசகர், திருகோணமலை நகர்

பதில்: தம்பி, ஆகாது. அந்த முகாம்களில் நடந்தவற்றுள் பசியும் ஒன்று. இழந்த உயிர்களைப் பற்றியும் காணிகளைப் பற்றியும் நாம் பேசியிருக்கிறோம். ஒரு பதின்மூன்று வயதுப் பையனின் வயிறு அங்கே என்ன கற்றுக்கொண்டது என்பதைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், அன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, அதற்குப் பதிலாக இந்த ஆய்வுக்குத் தாமாக முன்வந்தவர்கள் அவர்கள். உடலாலும் மனதாலும் ஆரோக்கியமானவர்கள் என்று பார்த்தே தெரிவு செய்யப்பட்டவர்கள். ஏறத்தாழ ஆறு மாதங்கள் அவர்களை அரைப்பட்டினியில் வைத்தார்கள். அதற்குள் உணவைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாத நிலைக்கு அவர்கள் வந்தார்கள். சமையற் குறிப்புகளைச் சேர்த்தார்கள், தட்டைத் துடைத்து நக்கினார்கள். மீண்டும் தாராளமாக உணவு கிடைத்தபோது, அவர்களிற் சிலர் வயிறு கொள்ளாத அளவுக்குச் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை என்றார்கள். அந்த நிலை மாதக்கணக்கில் நீடித்தது. ஆறு மாத அரைப்பட்டினி, அதுவும் எப்போது முடியும் என்று தெரிந்திருந்த பட்டினி, வளர்ந்த ஆண்களை அப்படி ஆக்கியது. உங்களுடையது எப்போது முடியும் என்று யாரும் சொல்லவில்லை. நீங்கள் வளர்ந்துகொண்டிருந்த பிள்ளை. ஆகவே உங்களிடம் இருப்பது ஆசையோ அடக்கமின்மையோ அல்ல. அம்மா சொன்னது அன்றைக்குச் சரியான புத்தி. அது உங்கள் உயிரைக் காத்தது. முகாம் முடிந்துவிட்டது என்பதை உங்கள் உடல் இன்னும் நம்பவில்லை.

நோயா என்று கேட்டீர்கள். குறுகிய நேரத்தில் மிக அதிகமாக, நிறுத்த முடியாமல் சாப்பிடுவது வாரத்துக்கு ஒரு தடவையாவது மூன்று மாதங்களுக்கு நிகழ்ந்தால், அதோடு அவசரமாக உண்பது, பசியில்லாமலும் உண்பது, வயிறு நோகும் வரை உண்பது, வெட்கத்தால் தனியே உண்பது, உண்டபின் தன்னையே வெறுப்பது என்பவற்றில் மூன்றேனும் சேர்ந்திருந்தால், மருத்துவர்கள் அதைப் பிஞ்ச் ஈட்டிங் டிசோடர் என்கிறார்கள். அல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற மருத்துவர் 1959 இலேயே இதை விவரித்து எழுதியிருந்தாலும், அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டில் இது தனி நோயாக இடம்பெற்றது 2013 இல்தான். உங்கள் கடிதத்தில் இவற்றிற் பல இருக்கின்றன. ஆனால் கடிதத்தைப் பார்த்து முடிவு சொல்வது முறையல்ல. மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். போகத் தயங்கினால் முதலில் 1926 என்ற தேசிய உளநல உதவி எண்ணுக்கு அழைத்துப் பேசுங்கள். முகாம் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதை விட்டுவிட்டுக் கொத்து ரொட்டியை மட்டும் சொல்லாதீர்கள்.

அம்மா இருக்கிறார் என்றால், அவரிடமும் சொல்லுங்கள் தம்பி. பார்சலைப் பிரித்துத் தன் பங்கையும் உங்கள் பக்கம் தள்ளியவருக்கு இந்தக் கதையில் தெரியாத பகுதி அதிகம் இருக்காது.

கேள்வி: எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் சக ஆசிரியை ஒருவர், தன்னால் சாப்பாட்டை நிறுத்த முடியவில்லை என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அவரை ஆறுதற்படுத்த நினைத்து, நானும் அப்படித்தான் ரீச்சர், வட்டிலப்பம் கண்டால் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை. நான் என்ன தவறு செய்தேன்?
– ஓர் ஆசிரியை, கிண்ணியா

பதில்: நல்ல மனதோடு சொன்னீர்கள், ஆனால் அவர் பல மாதங்கள் ஒத்திகை பார்த்துச் சொன்ன ஒன்றை எல்லோருக்கும் உள்ள ஒன்றாக ஆக்கிவிட்டீர்கள். பிடித்த இனிப்பை அதிகம் சாப்பிடுவது வேறு. பிடிக்காவிட்டாலும், சுவை தெரியாவிட்டாலும், கண்ணீரோடும் சாப்பிட்டுக்கொண்டே போவது வேறு. நானும் அப்படித்தான் என்ற சொல் இந்த இரண்டாவதை அனுபவித்தவர் சொன்னால் மருந்து. மற்றவர் சொன்னால், உன் கஷ்டம் ஒன்றும் பெரிதில்லை என்றே அவர் காதில் விழும். உடம்பு வைத்த மாதிரித் தெரியவில்லையே என்று சொல்வதும் அப்படித்தான். இந்த நோய் மெலிந்தவர்களுக்கும் வரும்.

சரிசெய்வதற்குக் காலம் கடந்துவிடவில்லை. தனியாக இருக்கும் நேரம் பார்த்து, அன்று நீங்கள் சொன்னதை நான் சரியாகக் கேட்கவில்லை, மறுபடியும் சொல்வீர்களா என்று கேளுங்கள். சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். ஊறவைத்த வெந்தயம், சீரகத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு எதையும் சிபாரிசு செய்ய வேண்டாம். இடைவேளையில் அவர் சாப்பிடும்போது அவர் சாப்பாட்டுப் பெட்டிக்குள் பார்க்காமல் பக்கத்தில் இருந்து சாப்பிடுங்கள். பிறரோடு சேர்ந்து சாதாரணமாகச் சாப்பிடும் ஒரு நேரம் நாளில் அமைவதே அவருக்குப் பெரிய உதவி. ரமழான் நெருங்கினால் நோன்பைப் பற்றி அவர் உள்ளூரப் பதறக்கூடும், ஏனெனில் பகல் முழுவதும் உண்ணாமல் இருந்து இரவில் உண்பது இந்த நோயாளருக்குக் கடினமான சோதனை. நோயாளருக்குள்ள சலுகையை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை; மருத்துவரிடமும் மார்க்கம் அறிந்தவரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளும்படி சொல்லுங்கள்.

கேள்வி: சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகளின் மெத்தைக்குக் கீழே வெற்றுப் பிஸ்கட் பக்கற்றுகளைக் கண்டேன். மெலிந்து குணமடைந்த பெண்களின் கதைகளைத் தேடி அவளுக்குக் காட்டலாம் என்றிருக்கிறேன். நல்லதா?
– ஒரு தாய், பாலையூற்று

பதில்: வேண்டாம் அம்மா. மெலிந்தவர்களின் கதை உங்கள் மகளுக்குச் சொல்லும் செய்தி, நீ மெலிய வேண்டும் என்பது மட்டுமே. அவள் மேலும் பட்டினி கிடப்பாள், மேலும் ஒளிப்பாள். பக்கற்றுகளை எடுத்து மேசையில் வைத்து விசாரிக்கவும் வேண்டாம். இரவில் படிக்கும்போது பசிக்கிறதா மகள், ஒரு தேநீரும் ஏதாவதும் கொண்டு வரட்டுமா என்று கேட்டுக் கொண்டு போய்க் கொடுங்கள். காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கிறாளா என்று கவனியுங்கள். உடம்பு வைத்துவிட்டாள் என்று வீட்டுக்கு வரும் உறவினர்கள் சொல்வதை, விருந்தாளி மனம் கோணினாலும் பரவாயில்லை, அவள் முன்னிலையிலேயே நிறுத்துங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதிக்கக் கூடாது. சாப்பிட்ட உடனே குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்து விடுகிறாள், விரல்களின் கணுவில் தழும்பு இருக்கிறது, மலமிளக்கி மாத்திரைகள் கிடக்கின்றன என்றால், அது வேறு வகை நோய். வாந்தியால் உடலின் பொட்டாசியம் குறைந்து இதயத்தைப் பாதிக்கக்கூடியது. பரீட்சை முடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

அவளுக்கு ஒரு கதை சொல்ல விரும்பினால் உங்கள் கதையைச் சொல்லுங்கள். உங்கள் பதினாறு வயதில் உங்கள் உடம்பைப் பற்றி யார் என்ன சொன்னார்கள், அது எத்தனை காலம் மனதில் கிடந்தது என்று. அப்படி ஒன்று இல்லாத பெண்ணை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கேள்வி: ஓராண்டுக்கும் மேலாக அப்படிச் சாப்பிடவில்லை. ஆனால் எடை குறையவே இல்லை. மீண்டுவிட்டேன் என்று நான் சொல்லிக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், நிலாவெளி

பதில்: தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். சிகிச்சையின் நோக்கம் அந்தக் கட்டுமீறிய உண்ணலை நிறுத்துவது. அது நின்றவர்களில் பலருக்கு எடை அதிகம் மாறுவதில்லை என்பது மருத்துவர்கள் அறிந்த விஷயம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் இருக்கிறதா என்று முறைப்படி பரிசோதித்துக்கொள்ளுங்கள், அது தனியான ஒரு வேலை. எடையைக் குறைக்க வேண்டும் என்று இப்போது பட்டினியைத் தொடங்கிவிடாதீர்கள். இந்த ஓராண்டையும் அது கொண்டு போய்விடும்.

எனக்கு இப்போது 61 வயது. எடை என் நாற்பது வயதில் இருந்ததிலிருந்து பெரிதாக மாறவில்லை. நேற்று மாலை கடற்கரையில் பேரப்பிள்ளைகளோடு இருந்து கடலை சாப்பிட்டேன். சுருளில் பாதி மிஞ்சியது, சின்னவன் அதை வாங்கிக்கொண்டு ஓடினான்.